பைசைக்கிள் என்ற சொல் எப்படி வந்தது? மிதிவண்டி அதன் மொழிபெயர்ப்பா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

என் மகள் இங்கே பாலக்காட்டுப் பக்கம் தமிழ் மீடியத்தில் ஏழாவது படிக்கிறாள். வேற்றுமொழிச் சொற்களுக்கு நேரான தமிழ்ச் சொல் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் பைசைக்கிளும் இருக்கிறது. மிதிவண்டி என்று எழுதச் சொன்னேன். உடனே கேள்வி வந்தது. பை என்றால் இரண்டு, சைக்கிள் என்றால் சக்கரம் என்று இங்கிலீஷ் டீச்சர் சொன்னாராம், மிதிவண்டியில் இரண்டும் இல்லை சக்கரமும் இல்லை, அப்புறம் எப்படி இது நேரான சொல் என்கிறாள். பக்கத்து வீட்டு மாஷை, அதாவது மலையாள வாத்தியாரை, கேட்டேன். மலையாளத்திலும் சவிட்டுவண்டிதான், அங்கேயும் சக்கரத்தைக் காணோமே என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் இருந்து விழுந்தவன் சிரிக்கிற சிரிப்பு ஒன்று சிரித்தார். அசடு வழியச் சிரிப்பதை மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள், இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது, நம் சொல் அதைப் பார்த்துச் செய்ததா, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை நோட்டு வைக்க வேண்டும்.

கம்பம்மெட்டு:

அண்ணே, பேர்தான் வெள்ளைக்காரன் வைத்தது, வண்டி நம்முடையது. உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் ஒருத்தர் சைக்கிள் ஓட்டுகிற சிற்பம் இருக்கு, இரண்டாயிரம் வருசத்துக் கோயில். வாட்ஸ்அப்பில் வீடியோவே வந்தது.

செங்கோட்டை டீச்சர்:

தம்பி, கோயில் பழையதுதான், அதில் சந்தேகம் இல்லை. அந்தச் சிற்பம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த திருப்பணியில் சேர்ந்தது என்று வரலாற்று ஆய்வாளர்கள் அப்போதே விளக்கிவிட்டார்கள். சிற்பிக்கு அன்றைக்குத் தெருவில் புதிதாகத் தெரிந்தது சைக்கிள், செதுக்கிவிட்டார். சிற்பத்தை உற்றுப் பாருங்கள், இரண்டு சக்கரமும் ஒரே அளவு. மிதித்து ஓட்டுகிற வண்டிக்கு அந்த வடிவம் உலகத்துக்கே 1885 வாக்கில்தான் நிலைக்கிறது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பைசைக்கிள் ஒரு கலப்புச் சொல். முன்பாதி லத்தீன், பை என்றால் இரண்டு. பின்பாதி கிரேக்கம், கிக்ளோஸ் என்றால் வட்டம், சக்கரம். கிரேக்கத்திலேயே முழுதாகச் செய்திருந்தால் டைசைக்கிள் என்றுதான் வந்திருக்க வேண்டும். இப்படி ஒரு கால் ஏதென்ஸிலும் ஒரு கால் ரோமாபுரியிலும் வைத்துச் சொல் செய்வது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். டெலிவிஷனும் அப்படித்தான், டெலி கிரேக்கம், விஷன் லத்தீன். ஆட்டோமொபைலும் அதே கதை.

சொல் பிறந்தது பிரெஞ்சில், 1860களில். பாரீஸில் ஓடிய வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவர் 1868இல் லண்டன் பத்திரிகையில் எழுதினார், ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அகராதிக்காரர்கள் காட்டுகிற பழைய சான்று அதுதான். அதில் எழுத்துக்கூட்டலே இன்றைக்கு இருக்கிற மாதிரி இல்லை, காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். இன்னொரு சங்கதி, ட்ரைசைக்கிள் என்ற சொல் இதற்கு அண்ணன். 1820களிலேயே பிரான்சில் குதிரை இழுக்கிற மூன்று சக்கர வண்டிக்கு அந்தப் பெயர் இருந்தது. மூன்றுக்கு ட்ரை போட்டவர்கள் இரண்டுக்கு பை போட்டார்கள், அவ்வளவுதான்.

கம்பம்மெட்டு:

அப்ப டாவின்சி வரைந்த சைக்கிள் படம்?

செங்கோட்டை டீச்சர்:

1974இல் வெளியே வந்து பரபரப்பான படம்தானே? அவருடைய ஏட்டில் பிற்காலத்தில் யாரோ கிறுக்கியது என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். உறையூருக்கு ஒரு வாட்ஸ்அப் என்றால் இத்தாலிக்கும் ஒன்று.

நகரி தறிக்காரன்:

டீச்சர் சொன்னதில் எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சேர்க்கிறேன். நகரி, புத்தூர், திருப்பதி, எங்கே போனாலும் வண்டி நிறுத்துகிற இடத்தில் த்விசக்ர வாஹனமுலு என்று தெலுங்கில் போர்டு இருக்கும். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது பாருங்கள், லத்தீன் பையும் சமஸ்கிருத த்வியும் ஒரே வேரில் இருந்து வந்தவை. கிரேக்க கிக்ளோஸும் சமஸ்கிருத சக்ரவும் அதே மாதிரி ஒரு தாய் பிள்ளைகள், ஆங்கிலத்தில் வீல் என்கிறார்களே, அதுவும் அந்தக் குடும்பம்தான். ஆக, த்விசக்ர என்பதும் பைசைக்கிள் என்பதும் பொருளில் மட்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள், சொல்லின் இரண்டு துண்டுகளும் பங்காளிகள். அங்கே வெள்ளைக்காரன் லத்தீனையும் கிரேக்கத்தையும் ஒட்டவைத்து எடுத்த சொல்லை இங்கே ஒரே மொழிக்குள் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஊரில் எந்தத் தெலுங்குக்காரரும் சைக்கிளை த்விசக்ர என்று சொல்லிக் கேட்டதில்லை. சைகிலுதான். தேர்தல் வந்தால் போதும், சைகில் குர்து, சைகில் குர்து என்று மைக்கில் காது கிழியும், 1982இல் தெலுங்கு தேசம் கட்சி தொடங்கியபின் அந்தச் சின்னம் வந்ததில் இருந்து இதே கதை. நான் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை, அரசியலை இங்கே இழுக்காதீர்கள்.

புனலூர் தோட்டம்:

எங்கள் அப்பா அம்மா சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்து வந்தவர்கள், ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். அப்பா இன்றைக்கும் எழுத்தில் சைக்கிளை துவிச்சக்கர வண்டி என்றுதான் எழுதுவார். அங்கே பத்திரிகை, போலீஸ், கோர்ட்டு எல்லாவற்றிலும் அதுதான் சொல், துவிச்சக்கர வண்டியில் சென்றவர் விபத்தில் காயம் என்று செய்தி வரும். அப்படியானால் பைசைக்கிளுக்கு நேரான தமிழ்ச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, கடலுக்கு அந்தப் பக்கம். உங்கள் மகளை அதை எழுதச் சொல்லுங்கள், கேள்வியே வராது.

வேலந்தாவளம் வழிப்போக்கன்:

துவி வடமொழி, சக்கரம் வடமொழி, வண்டி மட்டும் தமிழ். இதுவா நேரான தமிழ்ச் சொல்? ஈருருளி என்று அருமையான சொல் இருக்கிறது. ஈர் இரண்டு, உருளி சக்கரம். உருள் என்பது குறளிலேயே இருக்கிற சொல், உருள்பெருந்தேர். அதை விட்டுவிட்டு ஊர்ப்பட்ட சொல்லை எல்லாம் இரவல் வாங்குகிறோம்.

களியக்காவிளை கடை:

சார், உங்கள் சொல் நல்ல சொல்தான், ஆனால் எங்கள் ஊரில் போய் ஈருருளி என்று சொல்லிப் பாருங்கள். இங்கே உருளி என்றால் வெண்கலப் பாத்திரம், கல்யாண வீட்டில் பாயசம் காய்ச்சுகிறது. ஈருருளி பஞ்சர் என்று என் கடைக்கு ஆள் வந்தால் ஈயம் பூசுகிற கடைக்குத்தான் வழி காட்டுவேன். பாலக்காட்டிலும் அதே உருளிதானே, கொழிஞ்சாம்பாறைக்கார அண்ணன் சொல்லட்டும்.

நான் இருபது வருசத்துக்கு மேலாக சைக்கிள் ரிப்பேர் செய்கிறேன், இப்போது பாதி வேலை மோட்டார் சைக்கிள். எனக்கு ஒன்று புரியவில்லை. இரண்டு சக்கரம் இருப்பதுதான் இந்த வண்டிக்கு அடையாளமா? மாட்டு வண்டிக்கும் இரண்டு சக்கரம். ஜட்காவுக்கும் இரண்டு. ஐஸ் வண்டி தள்ளுகிறவருக்கும் சில சமயம் இரண்டுதான். சக்கரம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதும், ஆள் மிதித்தால் ஓடுவதும், நிறுத்தினால் சாய்வதும்தான் சைக்கிள். இதில் ஒன்றுகூட பைசைக்கிள் என்ற பேரில் இல்லை. அப்படிப் பார்த்தால் பேர் வைக்கத் தெரியாமல் வைத்தது அவர்கள்தான், மிதிவண்டி இல்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

இங்கேயும் உருளி பாயசத்துக்குத்தான். கடைக்கார அண்ணா, நீங்கள் சொன்னதை அப்படியே மகளிடம் படித்துக் காட்டினேன், மாட்டு வண்டி என்றதும் கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். சரி, அப்படி என்றால் இந்த வண்டிக்கு முதலில் என்ன பேர் இருந்தது? 1868க்கு முன்னால் சைக்கிளே கிடையாதா?

செங்கோட்டை டீச்சர்:

உண்டு, ஆனால் பெடல் கிடையாது. ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்ற வன அதிகாரி செய்தது. மரச் சட்டம், மரச் சக்கரம், நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளி ஓட வேண்டும். 1817 ஜூன் 12 அன்று மான்ஹைம் ஊரில் இருந்து கிளம்பி ஓட்டிக் காட்டினார். அவர் வைத்த பேர் லௌஃப்மஷீனெ, ஓட்ட இயந்திரம் என்று பொருள். வேலைக்குப் பொருத்தமான பேர், ஓடத்தானே வேண்டும்.

இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை 1815இல் வெடித்து, அந்தச் சாம்பலால் அடுத்த வருசம் ஐரோப்பாவில் கோடையே வராமல் விளைச்சல் கெட்டு, ஓட்ஸ் விலை ஏறி, குதிரைக்குத் தீனி போட முடியாமல் போனதால்தான் குதிரை இல்லாத வண்டி என்ற யோசனையே அவருக்கு வந்தது என்று ஒரு கருத்து உண்டு. எல்லோரும் ஒத்துக்கொண்டது இல்லை, ஆனால் யோசித்துப் பார்க்கத் தக்கது, ஏனென்றால் அந்த வண்டிக்கு மக்கள் வைத்த பட்டப்பேரில் எல்லாம் குதிரைதான் இருக்கிறது. லண்டனில் அதை ஹாபி ஹார்ஸ் என்றார்கள், மினுக்கித் திரிகிற பணக்காரப் பையன்கள் ஓட்டியதால் டாண்டி ஹார்ஸ் என்றும் கேலி செய்தார்கள்.

பிரான்சில் 1818இல் வெலாசிபீட் என்று பேர் வைத்தார்கள். இது முழு லத்தீன். வெலாக்ஸ் என்றால் வேகம், பெஸ் அல்லது பெடிஸ் என்றால் கால். வேகக்கால். பார்த்தீர்களா, முதலில் வைத்த பேரில் சக்கரத்தைக் காணோம், கால்தான் இருக்கிறது. நாம் சைக்கிளில் பெடல் என்கிறோமே, அதிலும் இருப்பது இதே லத்தீன் கால். நகரிக்காரர் கணக்கில் இன்னொரு பங்காளி சேர்த்துக்கொள்ளலாம், சமஸ்கிருதப் பாதமும் இதே வேர்.

1860களில் பாரீஸில் முன்சக்கரத்தின் அச்சில் பெடலை மாட்டினார்கள். மிஷோ என்ற கொல்லரா, லாலமோன் என்ற தொழிலாளியா, யார் முதலில் என்று இன்னும் சண்டை ஓயவில்லை, லாலமோன் அமெரிக்காவுக்குப் போய் 1866 நவம்பரில் காப்புரிமை வாங்கிவிட்டார். இந்த வண்டி வந்தபிறகுதான் பைசைக்கிள் என்ற பேர் பரவியது. இங்கிலாந்தில் மக்கள் வைத்த பேர் வேறு, எலும்பு குலுக்கி. மரச் சக்கரத்தில் இரும்புப் பட்டை, கீழே கருங்கல் பாவிய தெரு, வேறு என்ன பேர் வரும்?

நகரி தறிக்காரன்:

அந்த ஆட்களுக்கு எங்கள் புத்தூர் கட்டு தெரிந்திருந்தால் பாரீஸில் இருந்து வரிசை நின்றிருப்பார்கள்.

கம்பம்மெட்டு:

வெலாசிபீட் என்ற பேர் இப்ப எங்கேயாவது இருக்கா டீச்சர்? வெலோ என்று பிரெஞ்சில் சொல்வதாகக் கேட்டிருக்கிறேன்.

செங்கோட்டை டீச்சர்:

அதேதான், அதன் சுருக்கம். ரஷ்யாவில் முழுப் பேரே இன்னும் உயிரோடு இருக்கிறது, வெலசிபெத் என்கிறார்கள்.

களியக்காவிளை கடை:

டீச்சர் விட்ட இடத்தில் இருந்து நான் பிடிக்கிறேன், இனிமேல் என் ஏரியா. பெடல் முன்சக்கரத்திலேயே இருந்தால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான் கிடைக்கும். வேகம் வேண்டும் என்றால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும், வேறு வழி இல்லை. அதனால்தான் முன்னால் ராட்சசச் சக்கரமும் பின்னால் குட்டிச் சக்கரமும் வைத்த அந்த வண்டி 1870களில் வந்தது, படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அன்றைய பெரிய பென்னிக் காசையும் சின்ன ஃபார்த்திங் காசையும் பக்கத்தில் வைத்த மாதிரி இருப்பதால் பென்னி ஃபார்த்திங் என்று பேர். பிற்பாடு வேறு வடிவ வண்டி வந்ததும் பிரித்துச் சொல்ல அதை ஆர்டினரி என்றார்கள், சாதா வண்டி. அதில் இருந்து விழுந்தால் தலைகுப்புறத்தான் விழ வேண்டும்.

செயின் வந்ததும் இந்தத் தொல்லை தீர்ந்தது. நம் ஊர் பெரிய சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள், 28 இஞ்ச் வீல். முன்னால் சக்கரப்பல் 44, பின்னால் ஃப்ரீவீலில் 18 என்றால் ஒரு மிதிக்கு வீல் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும், வண்டி அஞ்சரை மீட்டர் கிட்ட முன்னால் போகும். செயின் இல்லாமல் இதே தூரம் ஒரு மிதியில் போக வேண்டும் என்றால் முன்சக்கரம் 68 இஞ்ச் இருக்க வேண்டும். ஆள் உயரம் சார்! கால் எட்டாது. 1885இல் இங்கிலாந்து கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டிதான் கிட்டத்தட்ட ஒரே அளவு சக்கரம், பின்னால் செயின் என்று இன்றைய வடிவத்துக்கு வந்தது. ஆபத்தில்லாத வண்டி என்பதால் சேஃப்டி பைசைக்கிள் என்றார்கள். 1888இல் டன்லப் என்ற மாட்டு டாக்டர் பெல்ஃபாஸ்டில் தன் மகனுடைய மூணு சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் போட்டுக் கொடுத்தார், எலும்பு குலுக்கியும் அதோடு ஒழிந்தது, எனக்கும் பஞ்சர் ஒட்டுகிற பிழைப்பு கிடைத்தது.

ரோவர் பற்றி ஒரு வேடிக்கை. போலந்து நாட்டில் சைக்கிளுக்குப் பேரே ரோவர்தான். நம் ஊரில் எந்தச் சோப்புத் தூளையும் ஒரு கம்பெனி பேர் சொல்லிக் கேட்கிறது இல்லையா, அந்த மாதிரி.

டீச்சர் டைசைக்கிள் என்று ஒரு சொல் சொன்னார்களே, அப்படி ஒரு வண்டி நிஜமாகவே இருந்தது. ஓட்டோ டைசைக்கிள். இரண்டு சக்கரமும் வண்டி மாட்டுக்குப் பூட்டின மாதிரி பக்கத்தில் பக்கத்தில், நடுவில் ஆள். அதைத் தயாரித்தது யார் தெரியுமா? பி.எஸ்.ஏ. 1880 வாக்கில் அதைச் செய்துதான் அவர்கள் சைக்கிள் தொழிலுக்கே வந்தார்கள். அதற்கு முன்னால் துப்பாக்கிக் கம்பெனி, பேரில் இருக்கிற எஸ்ஸும் ஏயும் சின்ன ஆயுதங்கள் என்பதன் சுருக்கம், பி என்பது பர்மிங்காம். பிள்ளைகள் ஓட்டுகிற சைக்கிளில் துப்பாக்கி ஒளிந்திருக்கிறது.

வேலந்தாவளம் வழிப்போக்கன்:

தகவல் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் கேள்வி திசைமாறிப் போகிறது. மிதிவண்டி மொழிபெயர்ப்பா இல்லையா? இல்லை என்றால் எதன் அடிப்படையில் அதைத் தமிழ்ப் பாடத்தில் நேர்ச்சொல்லாகக் கொடுக்கிறார்கள்? அரசு கொடுப்பதும் விலையில்லா மிதிவண்டி என்றுதான் பேனரில் இருக்கும், வாங்குகிற பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்வது சைக்கிள் கொடுத்தாங்க என்று. மேடையில் ஒரு சொல், தெருவில் ஒரு சொல். இது எனக்குப் பிடிக்கவில்லை.

செங்கோட்டை டீச்சர்:

வழிப்போக்கன் சார், தெருவில் இருக்கிற சொல்லை நீங்கள் பெயர்ச்சொல்லில் மட்டும் தேடுகிறீர்கள். வினைச்சொல்லில் தேடுங்கள். சைக்கிளை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்று எல்லையோரத்து ஊர்களில் கேட்டுப் பாருங்களேன். மற்றவர்களும் உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று சொல்லுங்கள்.

நகரி தறிக்காரன்:

எங்கள் பக்கம் தெலுங்கில் சைகில் தொக்கு. தொக்கு என்றால் மிதி. மாங்காய்த் தொக்கு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

களியக்காவிளை கடை:

சைக்கிள் சவுட்டு. மலையாளத்துச் சவிட்டு, எங்கள் வாயில் சவுட்டு. ஆளை உதைத்தாலும் சவுட்டுதான், சைக்கிளையும் சவுட்டுதான்.

புனலூர் தோட்டம்:

அப்பா ஓட்டுகிறது என்பார். யாழ்ப்பாணத்து ஆட்கள் சைக்கிள் உழக்குகிறது என்று சொல்வார்களாம், ஏறி மிதித்துக் கலக்குகிற அர்த்தம்தான். எங்கள் அப்பாவுக்கு அது பெரிய சிரிப்பு.

கம்பம்மெட்டு:

அழுத்து! ஏத்தத்தில் நல்லா அழுத்துடா என்பார்கள். மெதுவாகப் போனால் உருட்டு. அப்புறம் சின்னப் பிள்ளை பார் மேல் ஏற உயரம் பத்தாமல் சட்டத்துக்குள் காலை விட்டு ஓட்டினால் குரங்குப் பெடல்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

இங்கே இரண்டு பக்கமும் பேசுவோம், தமிழில் மிதி, மலையாளத்தில் சவிட்டு. கோயமுத்தூர் பக்கத்து மாமா வந்தால் ஒரே மிதி மிதின்னு மிதிச்சு வந்துட்டேனுங்க என்பார்.

செங்கோட்டை டீச்சர்:

சைக்கிள் என்ற பெயர்ச்சொல்லை மூன்று மொழிக்காரரும் அப்படியே எடுத்துக்கொண்டோம், அதில் சண்டைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வினையை ஒருவரும் ஆங்கிலத்தில் வாங்கவில்லை. தொக்கு, சவிட்டு, மிதி, அழுத்து, உழக்கு எல்லாமே காலால் செய்கிற வேலை. ஆங்கிலத்தில் சைக்கிளுக்கும் குதிரைக்கும் ஒரே வினைதான், இரண்டின் மேலும் ஏறிச் சவாரி செய்கிறார்கள். அவர்களுக்குக் குதிரையில் இருந்து வந்த பழக்கம், ஹாபி ஹார்ஸ் என்று பேர் வைத்தவர்கள் ஆயிற்றே. டச்சுக்காரர்கள் ஃபீட்ஸ் என்கிறார்கள், குதிரைக்குப் பதிலி என்று ஜெர்மனியில் வழங்கிய சொல்லில் இருந்து அது வந்தது என்று ஒரு விளக்கமும் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் குதிரையில் ஏறியதே இல்லை. நெல்லை மிதித்திருக்கிறோம், ஏற்றம் மிதித்திருக்கிறோம், வீடு கட்டக் களிமண் மிதித்திருக்கிறோம். சைக்கிள் வந்தபோது கைவசம் இருந்த வினை அதுதான், அதைப் போட்டார்கள். மிதி என்பது தெருவில் முதலில் வந்தது, அதற்குப் பின்னால் வண்டியைச் சேர்த்ததுதான் பாடப்புத்தகத்து வேலை. ஆகவே மேடையில் ஒன்று தெருவில் ஒன்று என்று சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பா என்றால், இல்லை. துவிச்சக்கர வண்டி பைசைக்கிளின் மொழிபெயர்ப்பு, ஈருருளி மொழிபெயர்ப்பு. அவை வெள்ளைக்காரன் சொல்லைப் பிரித்துப் பார்த்துச் செய்தவை. மிதிவண்டி வண்டியைப் பார்த்துச் செய்தது. கிரேக்கக்காரர்களே என்ன செய்கிறார்கள் தெரியுமா? கிக்ளோஸ் அவர்கள் வீட்டுச் சொல், உலகமே அதை வைத்து சைக்கிள் சைக்கிள் என்கிறது, அவர்களோ தங்கள் மொழியில் சைக்கிளை போதீலதோ என்கிறார்கள், காலால் செலுத்துவது என்று பொருள். மிதிவண்டி! சீனர்கள் தானே போகிற வண்டி என்றார்கள், ஜப்பானியர்கள் தானே சுழல்கிற வண்டி. மிதிக்கிறவன் மூச்சு வாங்குவது அவர்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

வேலந்தாவளம் வழிப்போக்கன்:

கிரேக்க உதாரணம் வலுவாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஈருருளியை விடமாட்டேன். ஒரு கேள்வி, டிரைஸ் வண்டியில் பெடல் இல்லை என்றீர்கள், இப்போது பேட்டரி வைத்து மிதிக்காமலே ஓடுகிற சைக்கிள் வந்துவிட்டது. அவற்றை மிதிவண்டி என்று எப்படிச் சொல்வது? மிதி இல்லாத மிதிவண்டியா? இரண்டு சக்கரம் என்பதோ எப்போதும் நிற்கும்.

களியக்காவிளை கடை:

நல்ல கிடுக்கிப்பிடி சார். ஆனால் இரண்டு சக்கரம் என்று பேர் வைத்தால் புல்லட்டும் அதற்குள் வந்துவிடும், ஸ்கூட்டரும் வந்துவிடும், சைக்கிள் கேப்பில் ஆட்டோ ஓட்டின கதையாக எல்லாம் நுழைந்துவிடும். நகரி போர்டில் த்விசக்ர என்று எழுதியிருப்பது மோட்டார் வண்டியையும் சேர்த்துத்தானே? மிதிக்காமல் பேட்டரியில் ஓடுகிறதை நான் பேட்டரி வண்டி என்றுதான் பில் போடுகிறேன், யாரும் தகராறு செய்ததில்லை.

நகரி தறிக்காரன்:

ஆமாம், இங்கே த்விசக்ர என்று டோக்கன் போட்டால் பெரும்பாலும் மோட்டார் வண்டிதான். சைக்கிளுக்கு வேறு ரேட்.

கம்பம்மெட்டு:

எனக்கு வேறு ஒரு டவுட்டு. பைசைக்கிளில் இருந்து நமக்கு ஏன் சைக்கிள் மட்டும் வந்தது, பை எங்கே போனது? அப்புறம் பைக் என்றால் ஏன் மோட்டார் வண்டி? இங்கிலீஷ் படத்தில் சின்னப் பையன் மிதிக்கிற சைக்கிளையும் பைக் என்கிறார்கள்.

செங்கோட்டை டீச்சர்:

பை போனது இங்கே இல்லை, இங்கிலாந்திலேயே போய்விட்டது. 1878இல் அங்கே ஒரு சுற்றுலா சங்கம் தொடங்கினார்கள், பேர் பைசைக்கிள் டூரிங் கிளப். அந்தக் காலத்தில் மூன்று சக்கர வண்டிக்காரர்களும் நிறையப் பேர், பெண்களும் வயதானவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று 1883இல் பேரை சைக்லிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்று மாற்றினார்கள். இரண்டோ மூன்றோ, எல்லாம் சைக்கிள். நம் ஊருக்கு வண்டி இறங்கிய காலத்தில் அந்தப் பொதுச்சொல்தான் அதிகம் புழங்கியது, அதுவே ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு. பைக் என்பது பைசைக்கிளின் சுருக்கம்தான், 1880களில் வந்தது. நாம் சைக்கிள் என்ற சொல்லை மிதிக்கிற வண்டிக்குக் கொடுத்துவிட்டதால், அப்புறமாக வந்த பைக்கை மோட்டார் வண்டிக்குக் கொடுத்துவிட்டோம். பங்கு பிரித்தாகிவிட்டது.

புனலூர் தோட்டம்:

டீச்சர், அப்ப பழைய சைக்கிள் பேர்கள்? அப்பாவிடம் ராலே இருந்தது, ஆள் பேரா அது?

களியக்காவிளை கடை:

தெருப் பேர். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஊரில் ராலே தெருவில் தொடங்கிய கம்பெனி. ஹெர்குலிஸ் கிரேக்கக் கதையில் வருகிற பலசாலி. இங்கே 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னையில் தொடங்கியபோது முதலில் போட்டது ஹெர்குலிஸ்தான், அம்பத்தூர் தொழிற்சாலை. பழைய ராலே வந்தால் இப்போதும் நான் பால்ரஸைத் தொட்டுப் பார்ப்பேன், கோன் தேயாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். விற்கிற எண்ணம் இருந்தால் சொல்லுங்கள்.

புனலூர் தோட்டம்:

அப்பா என்னை விற்றாலும் அதை விற்கமாட்டார்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மகள் நோட்டில் எழுதிக்கொண்டது இது: பைசைக்கிள் என்றால் இரண்டு சக்கரம், அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் துவிச்சக்கர வண்டி, நாம் காலால் மிதிப்பதால் மிதிவண்டி என்கிறோம். ஓரத்தில் கிரேக்கச் சொல்லையும் எழுதியிருக்கிறாள், டீச்சர் கேட்டால் செங்கோட்டை டீச்சர் சொன்னது என்று சொல்வாளாம். வழிப்போக்கன் சார் கோபிக்க வேண்டாம், ஈருருளியும் எழுதியிருக்கிறாள், பக்கத்தில் பாத்திரம் படம் வரைந்ததை நான் அழிக்கச் சொல்லிவிட்டேன்.

இதற்கு நடுவில் அவளுக்குச் சைக்கிள் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள். கடைக்கார அண்ணா, ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு எத்தனை இஞ்ச் வாங்கலாம்? கியர் வைத்தது கேட்கிறாள்.

களியக்காவிளை கடை:

உயரம் தெரியாமல் சொல்ல முடியாது. நாலே முக்கால் அடி கிட்ட இருந்தால் 24 வீல், அதற்கு மேலே என்றால் 26. நாளைக்கு வளர்ந்துவிடுவாள் என்று பெரிதாக வாங்கிக் கொடுக்காதீர்கள், எல்லா அப்பாவும் செய்கிற வேலை அது. சீட்டில் உட்கார வைத்து இரண்டு காலின் முன்பாதமும் தரையில் படுகிறதா, விரல் நீட்டாமலே பிரேக் லீவரைப் பிடிக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். உங்கள் ஊர் சமதளம்தான், கியர் தேவையில்லை. மட்டமான கியர் போட்ட வண்டி மாதம் ஒரு தடவை என்னை மாதிரி ஆளிடம்தான் நிற்கும்.